துகளறு போதம்

கரிசல் காட்டில் பிறந்தவர்களுக்குத் தூசி ஒரு பொருட்டே அல்ல என்று வெளியூர் நண்பர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பொருட்டாக இருப்பதால்தான் அதற்கு இங்கே இத்தனை பெயர்கள். வண்டிப்பாதையில் கிளம்புவது புழுதி. உத்தரத்தில் படிவது தூசி. பஞ்சு அரைபடும் இடத்தில் பறப்பது தும்பு. வாள் உதிர்ப்பது தூள். இழைப்புளி சுருட்டித் தருவது சீவல். துகள் என்ற சொல்லுக்கு மட்டும் நம் முன்னோர் குற்றம் என்றும் ஒரு பொருள் வைத்தார்கள். சிற்றம்பல நாடிகள் இயற்றிய சைவ சித்தாந்த நூல் ஒன்றின் பெயர் 'துகளறு போதம்'. உயிரைப் பற்றியுள்ள மலம் அறுவதற்கான அறிவு என்பது அந்தப் பெயரின் கருத்து. எங்கள் தேவை அவ்வளவு பெரிதன்று. 12 அடிக்கு 14 அடி அளவுள்ள ஒரு தச்சுப் பட்டறையின் காற்றிலிருந்து மரத்துகளை அகற்ற வேண்டும், அவ்வளவுதான். அதற்கே எட்டு மாதங்கள் ஆயின.

நாங்கள் என்றது அண்ணன் தம்பி இருவரை. மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இளையவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். பட்டறை, கோவில்பட்டியில் எங்கள் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. அது அய்யாவுடையது. ஐம்பது ஆண்டுகள் தச்சுவேலை செய்தவர். கதவு, நிலை, கட்டில், தொட்டில், கலப்பை, கடைசிக் காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பழுது பார்ப்பது வரை எல்லாம். இப்போது அவருக்கு எழுபத்து நான்கு வயது. மதுரையில் ஒரு மார்பு மருத்துவர் அவரைக் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன, இனிப் பட்டறைப் பக்கம் போகக்கூடாது என்றார். அய்யா வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "பட்டறைக்குப் போகாம வேற எங்கலே போகச் சொல்லுதாரு? மந்தைக்கா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எங்கள் இருவரிடமும் விடை இருக்கவில்லை.

ஆகவே அவரைப் பட்டறையிலிருந்து விலக்குவதை விட்டுவிட்டு, தூசியைப் பட்டறையிலிருந்து விலக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினோம்.

ஔவையார் பாடிய ஒரு புறப்பாட்டில் ஒரு தச்சன் வருகிறான். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடியவன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றி ஒற்றைச் சக்கரத்தைச் செய்கிறான். அதியமானின் ஆற்றலுக்கு அந்தச் சக்கரத்தை உவமையாக்குகிறார் ஔவை. வகுப்பில் அந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் மூத்தவருக்கு அய்யாவின் பட்டறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தச்சனின் நுரையீரலைப் பற்றி எந்த உரையாசிரியரும் எழுதிவைக்கவில்லை. எங்கள் ஊர்க் கவிஞர் ஒருவர் தேவதச்சன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவர். 2015இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். அந்தப் பெயரை அய்யாவிடம் சொன்னபோது, "பேரு நல்லாத்தான் இருக்கு. இழைப்புளி பிடிப்பாராமா?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையில், ஊரே தூசியைத் தொழிலாகக் கொண்ட ஊர். பஞ்சாலைத் தும்பு நெஞ்சை அடைக்கும் நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். கல்லுடைப்போருக்கு வரும் சிலிக்கோசிஸுடன் அதுவும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களின் வரிசையில் இடம்பெற்றது. தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்கும் கட்டையிலிருந்து உதிரும் மரப்பொடி ஒரு வகை. மருந்துக் கலவையில் சேரும் கந்தகம் இன்னொரு வகை. பூமணி 1996இல் எடுத்த 'கருவேலம்பூக்கள்' படத்தில் குழந்தைகளை ஏற்றிச்செல்லும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு கல் தொலைவில் கழுகுமலை. அங்கே எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிப் பாதியில் விட்டுப்போன வெட்டுவான் கோவிலைப் பார்க்கும்போது, ஏன் பாதியில் விட்டார்கள் என்று எல்லோரும் கேட்கிறோம். கல்தூசியை ஆயுள் முழுக்கச் சுவாசித்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மரத்தூளைப் பற்றி உலகம் சற்றுத் தாமதமாகவே விழித்துக்கொண்டது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அந்த வட்டாரத்தில் எஸ்மி ஹாட்ஃபீல்ட் என்ற காது, மூக்கு, தொண்டை மருத்துவர், தம்மிடம் வரும் மூக்குப் புற்று நோயாளிகளில் மரச்சாமான் தொழிலாளர்கள் அளவுக்கு மிஞ்சி இருப்பதைக் கவனித்தார். பொதுவாக மிக அரிதான நோய் அது. அவரும் ஏச்சிசன் முதலியோரும் சேர்ந்து எழுதிய ஆய்வு 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உறுதிப்பட்ட பொருள்களின் வகுப்பில் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் ஒரு கன மீட்டர் காற்றில் எவ்வளவு மரத்தூள் இருக்கலாம் என்பதில் நாட்டுக்கு நாடு பேதம். அமெரிக்க அரசின் பொது வரம்பு 15 மில்லிகிராம். அதே நாட்டின் தொழில்நலவியல் அறிஞர் அமைப்பு பெரும்பாலான மரங்களுக்குப் பரிந்துரைப்பது 1 மில்லிகிராம். பிரிட்டனில் வன்மரத் தூளுக்கு 3. சட்டம் எழுதுகிறவர்களின் நுரையீரல்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுமோ என்னவோ.

அய்யாவின் வாதம் வேறு. "நாங்க தூளைத் தின்னுட்டு வளந்த ஆளுக" என்பார். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அவர் கற்ற காலத்துத் தச்சு, வாளும் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் கொண்டது. இழைப்புளி மரத்தைச் சீவுகிறதே தவிரப் பொடியாக்குவதில்லை. சீவல் தரையில் விழுந்து கிடக்கும். கூட்டி அள்ளி அடுப்புக்குப் போட்டுவிடலாம். கைவாள் உதிர்க்கும் தூளும் பருமனானது. பெரும்பகுதி காலடியிலேயே விழும். பிற்காலத்தில் வந்தவைதான் சுழலும் வட்டவாளும், உப்புத்தாள் சுற்றும் தேய்ப்பு யந்திரமும், மரத்தூளைப் பசையில் பிசைந்து அழுத்திய எம்.டி.எஃப். பலகையும். அந்தப் பலகையை அறுக்கும்போது மரம் இரண்டாம் முறையாகத் தூளாகிறது. பசையிலுள்ள பார்மால்டிஹைடும் உடன் வருகிறது. கடைசிப் பதினைந்து ஆண்டுகள் அய்யா செய்ததெல்லாம் பெரும்பாலும் இந்தப் பலகையில் சமையலறை அலமாரிகள். வருமானம் அதில்தான் இருந்தது.

கண்ணுக்குத் தெரியும் தூள் அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. மூக்கு அதைப் பிடித்துத் தும்மி வெளியே தள்ளிவிடும். தெரியாததுதான் சிக்கல். தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 10 மைக்ரான் அளவுள்ள துகள், அசையாத காற்றில், எட்டடி உயரத்திலிருந்து தரைக்கு வரக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய இருபது மணி நேரம். பட்டறையில் காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை. ஆகவே அது இறங்குவதே இல்லை என்று கொள்ளலாம். வேலை முடிந்து, பெருக்கி, தண்ணீர் தெளித்து, பத்தி ஏற்றிச் சாமி கும்பிட்ட பிறகும் அது அந்தரத்தில் நிற்கிறது. மறுநாள் காலையில் அய்யா கதவைத் திறந்து நுழையும்போது அவர் நடையே அதை மறுபடி கிளப்பிவிடுகிறது.

இனித் தேர்வுக்கு வருவோம்.

கடைக்காரர் முதலில் காட்டியது சுவரில் பொருத்தும் வெளியேற்று விசிறி. மலிவானது, தூசியைப் பிடிக்க வேண்டியதே இல்லை, வெளியே தள்ளிவிடலாம். கோவில்பட்டியில் பத்து மாதம் இது போதும் என்பதில் ஐயமில்லை. மீதி இரண்டு மாதங்களை அறிய வேண்டுமானால் ஆனி, ஆடியில் இங்கே வந்து நிற்க வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கே இருந்து நுழையும் காற்று, மழையை மலைக்கு அப்பாலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து சமவெளியில் அடிக்கும். கயத்தாறில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக்கிடந்த கரிசல், அந்தக் காற்றில் மேலீடாகப் பொடிந்து எழும்பும். எங்கள் பட்டறைக்கு வெளியேற்று விசிறி வைக்க வாய்ப்புள்ள சுவர் மேற்குச் சுவர் ஒன்றுதான். ஆடியில் அந்தத் துளை வழியே மரத்தூள் வெளியே போகுமா, கரிசல் உள்ளே வருமா என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. தவிரவும், சுவருக்கு அந்தப்புறம் அண்டைவீட்டு அத்தை மிளகாய் வற்றலும் வடகமும் காயப்போடுகிறார். நம் தூசியை அடுத்தவர் வடகத்தில் படியவைப்பது காற்றைத் தூய்மை செய்வதாகாது.

அடுத்து, வீடுகளுக்கென விற்கும் காற்றுத் தூய்மிக் கருவிகள். தில்லிப் புகைக்கு அஞ்சி மக்கள் வாங்குகிறார்களே, அவை. அவற்றிலுள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். சந்தேகமில்லாமல் நல்ல பொருள். ஆனால் படுக்கையறைக்கு உரியது. மரத்தூளை அதில் இறைத்தால் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். கருவியின் விலையைவிட மாற்று வடிகட்டிகளின் விலை ஏறிக்கொண்டே போகும். பட்டுத்துணியில் மாவு சலிப்பதைப் போன்றது அது.

மூன்றாவது, மரவேலைப் பட்டறைக்கென்றே அயல்நாடுகளில் செய்யப்படுவது. விட்டத்தில் தொங்கும் நீள்பெட்டி. வெளியே ஒரு முரட்டு வடிகட்டி, உள்ளே ஒரு நுண் வடிகட்டி, பின்னால் விசிறி. ஐந்து மைக்ரான், ஒரு மைக்ரான் என்று இரண்டு படி. படத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. வரவழைக்கும் செலவும் சுங்கமும் சேர்ந்து வந்த தொகையைச் சொன்னதும் அய்யா, "காத்தையா வடிகட்டப் போறீக? வீட்ல டீய ஒழுங்கா வடிகட்டத் தெரியல" என்றார். விலையைவிட எங்களைத் தடுத்தது, அதன் வடிகட்டி கிழிந்தால் மாற்றுக்கு யாரிடம் போவது என்பதுதான்.

இந்தக் கட்டத்தில்தான் 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்துச் செய்தி ஒன்று உதவிக்கு வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி என்ற பொறியியல் பேராசிரியரும், வடிகட்டி செய்து விற்கும் ஜிம் ரோசன்தாலும் சேர்ந்து, வகுப்பறைகளுக்காக ஒரு பெட்டியை உருவாக்கினார்கள். நான்கு தட்டை வடிகட்டிகளைப் பக்கச் சுவர்களாக நிறுத்தி, மேலே சாதாரணச் சதுர விசிறியை வைத்து, பசைநாடாவால் ஒட்டிவிடுவது. யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதன் சூட்சுமம் பரப்பில் இருக்கிறது. ஒரு வடிகட்டியின் வழியாக இழுத்தால் விசிறி திணறும். நான்கின் வழியாக இழுத்தால் சுமை பகிர்ந்துபோகிறது. தச்சர் வீட்டில் பெட்டி செய்வதா பெரிது?

பரப்பையும் அளவையும் பற்றிய கணக்கை இளையவர் போட்டார். நீளம் 14, அகலம் 12, உயரம் 10 அடி. பெருக்கினால் 1680 கன அடி. ஒரு மணி நேரத்தில் பட்டறையின் காற்று முழுவதும் எட்டு முறையாவது வடிகட்டி வழியே போய்வர வேண்டும் என்பது எங்கள் இலக்கு. 1680ஐ எட்டால் பெருக்கி அறுபதால் வகுத்தால் நிமிடத்துக்கு 224 கன அடி. கடையில் விசிறிப் பெட்டியின்மீது அச்சிட்டிருக்கும் எண்ணை இதனோடு நேராக ஒப்பிடக்கூடாது. அது எதிரே தடை ஏதுமின்றி வெட்டவெளியில் அளந்த எண். வடிகட்டியை மாட்டி, அதில் தூசியும் படிந்த பின் பாதிக்கும் கீழே இறங்கலாம். எங்கள் ஊர் மின்னழுத்தம் மாலை நேரங்களில் செய்யும் உபகாரத்தையும் சேர்த்து, தேவையைப் போல் மும்மடங்கு அச்சிட்ட விசிறியாகப் பார்த்து எடுத்தோம்.

வடிகட்டிக்கு மருத்துவமனைகளுக்கும் ஆலைகளுக்கும் குளிர்காற்று யந்திர வடிகட்டி விற்பவர்களை அணுகினோம். அவர்கள் மொழி தனி. முரட்டு வடிகட்டியை ஜி4 என்கிறார்கள், நுண் வடிகட்டியை எஃப்7 என்கிறார்கள். அது ஐரோப்பாவின் பழைய தரவரிசை. 2018இல் அதற்கு மாற்றாகப் புதிய முறை நடைமுறைக்கு வந்தும் கடைவீதியில் பழைய பெயரே வழங்குகிறது, நாம் இன்னும் பழைய பைசாக் கணக்கில் பேசுவதுபோல. அமெரிக்கர்கள் மெர்வ் 13 என்பது கிட்டத்தட்ட இந்த எஃப்7. அதற்குமேல் நுணுக்கமான வடிகட்டி வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரே சுற்றில் எல்லாத் துகளையும் பிடிக்கும் வடிகட்டி மெதுவாகத்தான் காற்றை விடும்; முக்கால்வாசியைப் பிடித்து, ஆனால் காற்றைத் தாராளமாக விட்டு, மணிக்கு எட்டு முறை சுற்றவைக்கும் வடிகட்டி முடிவில் அதிகம் பிடிக்கிறது. சரக்கு கோயம்புத்தூரிலிருந்து லாரி சர்வீஸில் வந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது பெட்டி மட்டும் செய்து மாட்டிவிடக்கூடும். விட்டத்துப் பெட்டி இரண்டாம் அரண்தான். அதற்கு வந்து சேரும் தூசி, ஏற்கெனவே அங்கே நிற்பவர் மூக்கைக் கடந்துதான் வருகிறது. தூள் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சுவதுதான் முதல் அரண். அதனால் தேய்ப்பு யந்திரத்துக்கும் வட்டவாளுக்கும் உறிஞ்சுகுழாய் கொடுத்தோம். குழாய்க்கும் உறிஞ்சு யந்திரத்துக்கும் நடுவே ஒரு காலிப் பெயிண்ட் வாளியின்மேல் சூறைச்சுழல் கூம்பு ஒன்று. தூள் கலந்த காற்று அதில் சுழலும்போது கனமானது வாளியில் விழுந்துவிடும்; மிச்சம்தான் யந்திரத்துக்குப் போகும். எம்.டி.எஃப். பலகையைப் பட்டறைக்குள் கொண்டுவருவதே இல்லை என்பது மூன்றாவது ஏற்பாடு. அறுத்தே தீரவேண்டுமானால் வெளித் திண்ணையில், என்95 முகமூடியுடன், நாங்கள் இருவர் மட்டும். அய்யாவுக்கு வேம்பும் பூவரசும் பழைய வீடுகள் இடிபடும்போது கிடைக்கும் பர்மா தேக்கும். தேக்குத் தூள் அவர் முழங்கையில் அரிப்பைக் கிளப்பும். அது அந்த மரத்திலுள்ள வேதிப்பொருளின் வேலை. அதற்கு முழுக்கைச் சட்டை.

பெட்டியை ஒட்டுப்பலகையில் அய்யாதான் செய்தார். எங்கள் வரைபடத்தில் மூலைகளுக்குத் திருகாணி போட்டிருந்தோம். அவர் அதைக் கண்ணாலும் பார்க்கவில்லை. மூலைக்கு மூலை புறாவால் இணைப்புப் போட்டார். எங்கும் காற்றுக் கசியவில்லை. மூன்று பக்கம் வடிகட்டி, ஒரு முனையில் விசிறி, வெளியே கழுவி மாட்டும் ஜி4 விரிப்பு. அதை நீளச் சுவரை ஒட்டி, தலைக்கு மேல், காற்று சுவரோரமாக ஓடி அறையைச் சுற்றிவருமாறு தொங்கவிட்டோம். வேலைமேசைக்கு நேர்மேலே மாட்டினால் தூசி முகத்தைக் கடந்து மேலேறும். அதனால் மேசையிலிருந்து தள்ளியே வைத்தோம்.

நுண்துகளை அளக்கும் சிறுகருவி ஒன்றும் வாங்கினோம். இத்தகைய மலிவுக் கருவிகள் ஒளிச்சிதறலைக்கொண்டு ஊகிப்பவை; எண்ணை நீதிமன்றத்தில் சாட்சியாக நிறுத்த முடியாது, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும். வெளிக்காற்றில் இரண்டரை மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட துகள் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது இந்திய அளவுகோல். 2021இல் உலக சுகாதார நிறுவனம் 15 என்று குறைத்தது. பெட்டியில்லாமல் அரைமணி நேரம் தேய்த்த மாலையில் கருவி மூன்று இலக்கத்துக்குத் தாவி, நாங்கள் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தபோதும் அங்கேயே நின்றது. பெட்டி ஓடிய மாலையிலும் ஏறத்தான் செய்தது. ஆனால் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் வெளிக்காற்றின் எண்ணுக்கு வந்துவிட்டது. அய்யா அந்தக் கருவியைக் கையில் வாங்கி, தன் வாயருகே வைத்து ஊதிப்பார்த்தார். அவர் எதிர்பார்த்தது எதுவென்று தெரியவில்லை. எண் மாறாததைக் கண்டு திருப்தியோடு திருப்பித் தந்தார்.

மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் மகிழ்ந்துவிடவில்லை. சுருங்கிய குழல் சுருங்கியதுதான், மேலும் சுருங்காமல் பார்ப்பதே நம் வேலை என்றார். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், இழைப்புளியும் உளியும் மட்டும், தேய்ப்பு யந்திரம் ஓடிய அன்று உள்ளே போகக்கூடாது, உறிஞ்சு மருந்தை விடக்கூடாது. இந்த நான்கு கட்டளைகளுக்கும் அய்யா தலையாட்டினார்; இரண்டு மணி நேரம் என்பதை மட்டும் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் இன்னும் வழக்கு நடக்கிறது.

சென்ற ஆடியில் முதல்முறை வெளி விரிப்பைக் கழற்றினோம். தேக்கின் பழுப்பும் வேம்பின் வெளிர்சிவப்பும் இருக்கும் என்று பார்த்தால், மேலே ஒரு விரற்கடைக்குக் கரிசல். கதவிடுக்கு, ஓட்டு இடுக்கு எல்லாவற்றிலும் ஊரே உள்ளே வந்து படிந்திருந்தது. வாளித் தண்ணீரில் முக்கியதும் தண்ணீர் மை போலாயிற்று. "இத விதைப்புக்குப் பத்திரமா வைங்கலே" என்றார் அய்யா. அதன்பின் மேற்குச் சன்னலுக்கு ஈரச்சாக்கு கட்டினோம். பழைய முறை, செலவில்லை.

இப்போது எஞ்சியிருப்பது சத்தம். முழுவேகத்தில் ஓடினால் திருநெல்வேலி வானொலி காதில் விழவில்லை என்று அய்யா பெட்டியை அணைத்துவிடுகிறார். அணைந்த பெட்டி எத்தனை மைக்ரான் பிடிக்கும் என்பதற்குக் கணக்கே தேவையில்லை. ஆகவே இளையவர் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் குமிழ் வைத்தார். அய்யா உள்ளே இருக்கும் இரண்டு மணி நேரமும் நடுவேகம். அவர் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகு முழுவேகத்தில் இன்னும் ஒரு மணி நேரம், தானாக நிற்கும் கடிகாரச் சுவிட்சில். பேரப்பிள்ளைக்கு ஒரு நடைவண்டி பாதி ஆகியிருக்கிறது. மூன்று சக்கரங்களில் ஒன்று முடிந்தது. அதற்கே மூன்று வாரமாயிற்று.